மலையேறும் மகிழுந்தும் ஒரு டம்ளர் பெட்ரோலும்

நுழையும்முன்

மேட்டுச் சாலையில் மிதிவண்டி ஓட்டிய பட்டறிவு உங்களுள் பலருக்கு இருக்கும். சமதளத்தில் எளிதாகச் சுழன்ற மிதிகட்டை, மேடு தொடங்கியதும் கால்களைச் சோதிக்கும், மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளிவிடலாமா என்று தோன்றும். நம் கால்களுக்கு நேர்வதே மகிழுந்துக்கும் நேர்கிறது. பெட்ரோல் எந்திரம், மின்னோடி என்னும் இரண்டு துணைகளைக் கொண்ட வண்டி ஒன்று மலையேறும்போது, அவ்விரண்டும் சுமையை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன? இப்பாடத்தைத் தாளும் எழுதுகோலும் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேநீர்க் கடையில் ஒரு வினா

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று கோடை விடுமுறையில் முசோரிக்குப் புறப்பட்டது. அப்பா, அம்மா, ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், அவளுடைய தம்பி என ஐவர். அவர்களுடைய வண்டி, ஹைபிரிட் கார் என்று மக்கள் வழக்கில் கூறும் கலப்பு மகிழுந்து. டேராடூன் வரையில் வண்டியைப் பற்றி எவரும் நினைக்கவே இல்லை. நகரைக் கடந்து மலைச்சாலை தொடங்கிய பிறகு, ஓட்டுநருக்கு முன்னுள்ள திரையில் மின்கலத்தின் படத்தைத் தம்பி உற்று நோக்கத் தொடங்கினான். எட்டுக் கோடுகளுள் ஆறு இருந்தன. சிறிது நேரத்தில் நான்கு. அப்பா இரண்டு பேருந்துகளை முந்திச் சென்றதும் இரண்டே எஞ்சின. எந்திரமோ, வண்டியின் வேகத்துக்குத் தொடர்பே இல்லாததுபோல் உரக்க முழங்கியது.

"ஏனப்பா, பேட்டரி தீர்ந்துபோனால் நடுவழியில் நின்றுவிடாதா? பக்கத்தில் பார்த்தால் பள்ளம் அல்லவா தெரிகிறது" என்றார் பாட்டி.

அப்பாவிடம் விடை இல்லை. சாலை சற்று அகன்றிருந்த ஓர் இடத்தில், தேநீர்க் கடை ஒன்றின் முன் வண்டியை நிறுத்தினார். பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரமே இருந்தது. மேலே செல்வதா, டேராடூனுக்கே திரும்பிவிடுவதா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மகள் தன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். வேலை, ஆற்றல், திறன் ஆகியவற்றை அவள் அவ்வாண்டுதான் பள்ளியில் பயின்றிருந்தாள். "பாட்டி, நின்றுவிடுமா இல்லையா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்" என்றாள்.

அத்தகைய கணக்கை நாமும் செய்து பார்ப்போம். 1997ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், பேரளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் கலப்பு மகிழுந்தாகும். 2003இல் வெளிவந்த அதன் இரண்டாம் தலைமுறை வண்டியின் அளவுகளை நம் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வண்டியின் நிறை ஏறத்தாழ 1,300 கிலோகிராம். ஐவரும் அவர்களுடைய மூட்டைகளும் சேர்ந்து 300 கிலோகிராம் எனக் கொண்டால் மொத்தம் 1,600 கிலோகிராம்.

குடமும் மாடிப்படியும்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அன்றாடப் பேச்சில் ஆற்றல், திறன், வலிமை, சக்தி ஆகியவற்றை ஒரே பொருளில் வழங்குகிறோம். இயற்பியலில் அவ்வாறு வழங்க இயலாது.

பாட்டி தம் இளமையில் 15 லிட்டர் நீர் கொண்ட குடத்தை 3 மீட்டர் உயர மாடிக்குச் சுமந்து சென்றார் எனக் கொள்வோம். ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். ஒரு கிலோகிராம் நிறையைப் புவி ஏறக்குறைய 9.8 நியூட்டன் விசையுடன் கீழ்நோக்கி இழுக்கிறது. எனவே குடத்து நீரை மேலே ஏற்றுவதற்கு 15 × 9.8 × 3 = 441 ஜூல் ஆற்றல் வேண்டும். அவர் ஓடி ஏறினாலும், படிக்குப் படி நின்று ஏறினாலும் இந்த 441 ஜூல் மாறாது. ஆனால் 10 நொடியில் ஏறினால் ஒரு நொடிக்கு 44 ஜூலும், 30 நொடியில் ஏறினால் ஒரு நொடிக்கு 15 ஜூலும் செலவாகும். ஒரு நொடியில் செலவாகும் ஆற்றலே திறன். அதன் அலகு வாட். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட். ஆயிரம் வாட் ஒரு கிலோவாட். (பாட்டி தம் உடலையும் சேர்த்தே மேலே ஏற்றினார் என்பதை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் விடை பன்மடங்காகும். மலையேறும் மகிழுந்தின் நிலையும் இதுவே: ஐவரை ஏற்றுவதற்காக 1,300 கிலோகிராம் இரும்பையும் உடன் ஏற்ற வேண்டியுள்ளது.)

ஆற்றல் எவ்வளவு வேண்டும் என்பதை உயரம் முடிவு செய்கிறது. திறன் எவ்வளவு வேண்டும் என்பதை, அவ்வுயரத்தை எத்துணை விரைவாக ஏறுகிறோம் என்பது முடிவு செய்கிறது. பாட்டியின் வினாவுக்குள் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தால்தான் விடை கிடைக்கும்.

முசோரிக்கு ஆறு யூனிட்

டேராடூன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்திலும், முசோரி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஏற வேண்டிய உயரம் 1,360 மீட்டர். 1,600 கிலோகிராம் நிறையை அவ்வளவு உயர்த்த

1,600 × 9.8 × 1,360 = 2,13,24,800 ஜூல்

தேவைப்படும். இரண்டு கோடிக்கு மேற்பட்ட இந்த எண் அச்சுறுத்துவதுபோல் தோன்றும். ஆனால் நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணப்படும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். இரண்டு கோடியே பதின்மூன்று லட்சத்தை 36 லட்சத்தால் வகுத்தால் 5.9 வருகிறது. ஐவருடன் ஒரு மகிழுந்தை முசோரி உச்சிக்குத் தூக்கி வைக்க ஆறு யூனிட் மின்சாரத்தின் ஆற்றலே போதும்! தில்லியின் மே மாத இரவில் 1.5 கிலோவாட் குளிரூட்டி நான்கு மணி நேரம் இடைவிடாது ஓடினால் அதே அளவு செலவாகும்.

இப்போது மின்கலத்தைப் பார்ப்போம். அவ்வண்டியின் மின்கலத்தில் முழுமையாகக் கொள்ளக்கூடிய ஆற்றல் 1.3 யூனிட். அம்முழுமையையும் வண்டி பயன்படுத்துவதில்லை. மின்கலம் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதற்காக, ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையிலேயே அதை வண்டியின் கணினி வைத்திருக்கிறது. ஆகவே உண்மையில் கைக்கு வருவது ஏறத்தாழ அரை யூனிட், அதாவது 18 அல்லது 19 லட்சம் ஜூல். நம் வண்டியை ஒரு மீட்டர் உயர்த்த 15,680 ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால், மின்கலம் மட்டும் வண்டியை 119 மீட்டர் உயர்த்தும். குதுப்மினாரின் உயரம் 73 மீட்டர். அதைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மிகுதி. உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்தால் நூறு மீட்டரைக்கூட எட்டாது. ஏற வேண்டியதோ 1,360 மீட்டர்!

இதே ஆற்றலைப் பெட்ரோலால் அளந்தால் இன்னும் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 3.2 கோடி ஜூல் வெளிப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கையே எந்திரம் இயக்கமாக மாற்றுகிறது. மற்றவை வெப்பமாக வெளியேறுகின்றன. ஆக, ஒரு லிட்டரால் கிடைக்கும் பயன் ஒரு கோடி ஜூலுக்குச் சற்று மிகுதி. அப்படியானால் மின்கலத்திலிருந்து கிடைக்கும் 18.7 லட்சம் ஜூல் எவ்வளவு பெட்ரோலுக்குச் சமம்? 200 மில்லிலிட்டருக்கும் குறைவு. தேநீர்க் கடையில் பாட்டியின் கையிலிருந்த டம்ளர் நிறையும் அளவு! முசோரி ஏற்றத்துக்கு மட்டும் தேவைப்படுவது ஏறத்தாழ இரண்டு லிட்டர்.

எனவே பாட்டி ஐயுற்றதில் பாதி சரியே. மலையேற்றத்தின் தொடக்கத்திலேயே மின்கலம் தாழ்ந்துவிடுவது இயல்பு. இவ்வகை வண்டியில் மின்கலம் பெரிய களஞ்சியம் அன்று. அவசரத்துக்கு எடுத்துத் திருப்பி வைக்கும் கைமாற்றுப் பணம் போன்றது. எஞ்சிய வினா ஒன்றே: மின்கலத்தின் துணையின்றிப் பெட்ரோல் எந்திரம் தனியே வண்டியை மேலேற்றுமா?

மூன்று தடைகள்

டேராடூனிலிருந்து முசோரிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நகரின் அருகில் சாய்வு குறைவு, மலைப்பகுதியில் மிகுதி. நூறு மீட்டர் தொலைவுக்கு ஆறு மீட்டர் உயரும் ஒரு பகுதியைக் கருதுவோம். அங்கே வண்டியைப் பின்னுக்கு இழுப்பவை மூன்று.

முதலாவது, புவியீர்ப்பின் ஒரு பகுதி. வண்டியின் மொத்த எடை 15,680 நியூட்டன். சாலை நூற்றுக்கு ஆறு என உயர்வதால், அவ்வெடையின் நூற்றில் ஆறு பங்கு, அதாவது 941 நியூட்டன், சாலையின் வழியே பின்னோக்கி இழுக்கிறது. இரண்டாவது, சக்கரங்கள் நசுங்கி உருளுவதால் எழும் உருளல் தடை. இதனை எடையின் நூற்றில் ஒரு பங்கு எனக் கொண்டால் ஏறத்தாழ 160 நியூட்டன். மூன்றாவது காற்றின் தடை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இது 40 நியூட்டன் அளவே. ஆனால் வேகம் இருமடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றையும் கூட்டினால் 1,141 நியூட்டன். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்: 11,410 வாட், அதாவது 11.4 கிலோவாட். அதே வேகத்தில் சமதளத்தில் செல்ல 200 நியூட்டன் × 10 = 2 கிலோவாட்டே போதும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத ஒரு மேடு, தேவையை ஏறத்தாழ ஆறு மடங்காக்கிவிடுகிறது. மிதிவண்டியில் உங்கள் கால்கள் முறையிட்டது வீண்புகார் அன்று.

மலைச்சாலைகள் பாம்பைப்போல் வளைந்து வளைந்து செல்வதன் காரணமும் இங்கே விளங்கும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது உங்களுள் சிலர் அவற்றை எண்ணியிருக்கக்கூடும். வளைவுகள் சாலையை நீளமாக்குகின்றன. உயரம் மாறாததால், மேலே செல்லத் தேவையான ஆற்றல் அவற்றால் குறைவதில்லை; நீளம் கூடுவதால் சாய்வும், சாய்வு குறைவதால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசையும் குறைகின்றன.

57உம் 50உம் 107 ஆகாத கதை

எந்திரம் தரக்கூடிய மிகுதியான திறன் 57 கிலோவாட். மின்னோடியின் திறன் 50 கிலோவாட். இரண்டையும் கூட்டி 107 என்று எழுதத் தோன்றும். ஆனால் வண்டியின் மொத்தத் திறன் 82 கிலோவாட்டே. தம்பி இதைக் கேட்டிருந்தால், அச்சுப்பிழை என்று சொல்லியிருப்பான்.

பெரிய குழாய் ஒன்றைச் சிறிய தொட்டியோடு இணைத்தால் குழாயின் அளவுக்கு நீர் வராது. தொட்டியின் மடை திறக்கும் அளவுக்கே வரும். 50 கிலோவாட் மின்னோடி அந்தப் பெரிய குழாய். மின்கலம் ஒரே நேரத்தில் தரக்கூடியது ஏறத்தாழ 25 கிலோவாட். 57உடன் 25ஐக் கூட்டினால் 82. மின்கலம் தாழ்ந்துவிட்டால் அந்த 25உம் இல்லை; எந்திரத்தின் 57 மட்டுமே எஞ்சும்.

அதுவும் முழுமையாக எஞ்சாது. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உறிஞ்சும் காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய எரிபொருளும் குறையும். திறனும் அதே அளவில் குறையும். ஆகவே முசோரிக்கு அருகில் அந்த எந்திரம் 45 கிலோவாட் தருவதாகக் கொள்வோம்.

தேவை 11.4. இருப்பு 45. வண்டி நிற்காது! மின்கலத்தில் ஒரு கோடுகூட இல்லாவிட்டாலும் ஏறும். மிச்சமுள்ள திறனில் ஒரு பகுதியைக் கொண்டு, ஏறிக்கொண்டிருக்கும்போதே எந்திரம் மின்கலத்தை மெல்ல நிரப்பவும் செய்யும்.

மகள் இந்த விடையை உரக்கப் படித்ததும் தம்பி கைதட்டினான். அப்பா எழுந்தே விட்டார். ஆனால் அவள் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. கோடுகள் எப்போது விரைந்து குறைந்தன என்பது அவள் நினைவுக்கு வந்தது: அப்பா பேருந்துகளை முந்தியபோது.

மணிக்கு 36 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, ஒரு பேருந்தை முந்துவதற்காக 6 நொடியில் 72 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும் எனக் கொள்வோம். வேகம் கூடினால் இயக்க ஆற்றலும் கூட வேண்டும். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிப் பெறுவது. தொடக்கத்தில் 800 × 10 × 10 = 80,000 ஜூல்; முடிவில் 800 × 20 × 20 = 3,20,000 ஜூல். வேறுபாடு 2,40,000. இதை 6 நொடியில் தர வேண்டுமெனில் 40 கிலோவாட். அந்நேரத்தில் மேடும் உருளலும் காற்றும் கேட்பது ஏறத்தாழ 18 கிலோவாட். கூட்டினால் 58.

எந்திரம் தருவதோ 45. மின்கலத்தில் ஆற்றல் இருந்தால் எஞ்சிய 13 கிலோவாட்டை அது தந்துவிடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. மின்கலம் தாழ்ந்திருந்தால், அடிவாரத்தில் 6 நொடியில் முடிந்த முந்துதல் மேலே 9 நொடி ஆகும். வளைவுக்கு அப்பாலிருந்து எதிரே ஒரு லாரி வரும் மலைச்சாலையில் அந்த 3 நொடி உயிருக்கே உலையாகலாம்.

"அப்பா, வண்டி நிற்காது. ஆனால் கோடு இரண்டாக இருக்கும்போது யாரையும் முந்தாதீர்கள்" என்றாள் மகள். அம்மா, "அதைத்தான் நானும் காலையிலிருந்து சொல்கிறேன், கணக்குப் போடாமலே" என்றார்.

எந்திரம் ஏன் முழங்குகிறது?

பாட்டிக்கு இன்னும் ஓர் ஐயம் இருந்தது. வேகமோ குறைவு; ஓசையோ மிகுதி. ஏதேனும் பழுதாகியிருக்குமோ?

வழக்கமான வண்டியில் எந்திரத்தின் சுழற்சி, பற்சக்கரங்களின் வழியாகச் சக்கரங்களின் சுழற்சியோடு பிணைக்கப்பட்டிருக்கும்; வண்டி விரைந்தால் எந்திரமும் விரையும். நாம் கருதும் கலப்பு வண்டியில் அப்பிணைப்பு நேரடியானது அன்று. கதிரவனைக் கோள்கள் சுற்றுவதுபோல் ஒரு நடுச்சக்கரத்தைச் சிறு பற்சக்கரங்கள் சுற்றிவரும் அமைப்பு ஒன்று, எந்திரத்தின் திறனை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு நேரே சக்கரங்களுக்குச் செல்கிறது. மற்றொரு பங்கு மின்னாக்கியைச் சுழற்றி மின்சாரமாகி மின்னோடிக்குச் செல்கிறது. இதனால் வண்டி மெதுவாகச் செல்லும்போதும் எந்திரம் தனக்கு வேண்டிய வேகத்தில் சுழலலாம். முழுத் திறனாகிய 57 கிலோவாட்டைத் தர அது நிமிடத்துக்கு 5,000 முறை சுழல வேண்டும். மேட்டில் மிகுந்த திறன் கேட்கப்படும்போது அவ்வாறே விரைந்து சுழல்கிறது. அந்த முழக்கம் பழுதன்று. மின்கலத்தின் பங்கையும் எந்திரம் தானே சுமப்பதன் ஒலி.

நின்று புறப்படும்போது

அவர்கள் மீண்டும் புறப்பட்டனர். முசோரிக்குச் சற்று முன்னர், மேடான வளைவு ஒன்றில் வண்டிகள் நீண்ட வரிசையாக நின்றிருந்தன. நம் வண்டியும் நின்றது. அப்பா பிரேக்கை அழுத்தாமல், ஆக்ஸிலரேட்டரைச் சிறிதளவு அழுத்தியே வண்டி பின்னுக்கு உருளாமல் நிறுத்தி வைத்திருந்தார். அருகில் நின்ற வாடகை வண்டி ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டி, இந்தியில், "பிரேக்கில் கால் வையுங்கள், ஐயா" என்றார்.

அவர் சொன்னதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. அவ்வளைவு ஆறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான இடம் எனில், வண்டியைப் பிடித்து நிறுத்த 2,600 நியூட்டன் விசை வேண்டும். வண்டி நகராததால் வேகம் சுழி. ஆகவே செய்யப்படும் வேலையும் சுழி. ஆயினும் அவ்விசையைத் தர மின்னோடியின் கம்பிச்சுருள்களில் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. நகராத வண்டியில் அவ்வளவும் வெப்பமாகவே மாறுகிறது. தாழ்ந்திருந்த மின்கலம் மேலும் தாழும், மின்னோடியும் சூடேறும். பிரேக்குக்கோ அவ்வாறு நிறுத்தி வைக்கச் சிறிதும் ஆற்றல் செலவாகாது. பாட்டி குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பதற்கும், குடத்தைத் திண்ணையில் இறக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

அதே வேளையில், நின்ற இடத்திலிருந்து புறப்படுவதில் மின்னோடிக்கு நிகர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் எந்திரம் ஓரளவு விரைந்து சுழன்றால்தான் விசை தரும். மின்னோடி அசையாத நிலையிலேயே தன் முழு விசையையும் தரவல்லது. வரிசை நகர்ந்தபோது, வண்டி பின்னுக்கு ஒரு விரற்கடைகூட உருளாமல் முன்னே சென்றது.

இறங்கும் வழி

மூன்று நாள்கள் கழித்துத் திரும்பும் பயணம். மேலேற்றிய 2.13 கோடி ஜூல் எங்கும் போய்விடவில்லை. நிலை ஆற்றலாக வண்டியிலேயே இருக்கிறது. இறங்கும்போது மின்னோடி மின்னாக்கியாக மாறி, அவ்வாற்றலை மின்கலத்தில் நிரப்பும். கலப்பு வண்டியின் பெருஞ்சிறப்பே இதுதான். தம்பி, "அப்படியானால் ஏறும்போது செலவழித்த இரண்டு லிட்டரும் திரும்பக் கிடைக்குமே" என்று மகிழ்ந்தான்.

அந்த டம்ளரை அவன் மறந்துவிட்டான். 35 கிலோமீட்டர் தொலைவில் உருளலும் காற்றும் ஏறத்தாழ 70 லட்சம் ஜூலை எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது 1.4 கோடி. மின்கலம் கொள்வதோ 18.7 லட்சம். நூற்றுக்கு ஆறு சாய்வில் மூன்று, மூன்றரைக் கிலோமீட்டர் இறங்குவதற்குள் எட்டுக் கோடுகளும் நிறைந்துவிட்டன. அதன் பிறகு வருவதை ஏற்க இடமில்லை. மீதமுள்ள 1.2 கோடி ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் எங்கேனும் வெப்பமாகியே தீர வேண்டும். அறை வெப்பத்தில் உள்ள 35 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு அது. அத்தனையையும் பிரேக்கே தாங்க வேண்டுமெனில், அது பழுக்கக் காய்ந்து தன் பிடிப்பை இழக்கும். அவர்களுக்கு முன்னே சென்ற ஒரு வண்டியிலிருந்து கருகல் நாற்றம் வந்ததை அம்மாதான் முதலில் கவனித்தார்.

இதற்காகவே அவ்வண்டியின் கைப்பிடியில் 'பி' என்னும் எழுத்துக்குரிய நிலை ஒன்று உள்ளது. அதில் வைத்தால், பெட்ரோல் செலவின்றி எந்திரம் வெறுமனே சுழற்றப்படும். உள்ளே காற்றை அழுத்துவதிலும் உராய்விலும் ஆற்றல் கரையும். பிரேக்கின் சுமை குறையும். ஏறும்போது அச்சமூட்டிய அதே முழக்கம், இறங்கும்போதும் எழுந்தது. பாட்டி இம்முறை எதுவும் கேட்கவில்லை. வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சொற்பொருள்

பட்டறிவு – அனுபவம். களஞ்சியம் – தானியம் சேர்த்து வைக்கும் இடம். கைமாற்று – எழுத்தின்றிக் குறுகிய காலத்துக்குப் பெறும் கடன். மடை – நீர் பாயும் வாய். சுழி – பூச்சியம். விரற்கடை – விரலின் அகல அளவு.

பயிற்சி

1. ஆற்றல், திறன் ஆகியவற்றின் வேறுபாட்டைக் குடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளாமல், உங்கள் வீட்டில் நடக்கும் வேறொரு செயலைக்கொண்டு விளக்குக.

2. கால்கா தொடர்வண்டி நிலையம் 656 மீட்டர் உயரத்திலும் சிம்லா நிலையம் 2,076 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 1,600 கிலோகிராம் நிறையுள்ள மகிழுந்தை அவ்வளவு உயர்த்த எத்தனை ஜூல் வேண்டும்? அது எத்தனை யூனிட்?

3. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலைத் தொடர்வண்டிப் பாதையின் மிகச் செங்குத்தான பகுதி ஏறத்தாழ 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. அதே சாய்வுள்ள சாலையில் நம் மகிழுந்தைப் பின்னுக்கு இழுக்கும் புவியீர்ப்பு விசை எவ்வளவு? முசோரிச் சாலைக் கணக்கில் வந்த 941 நியூட்டனோடு ஒப்பிடுக.

4. மின்கலம் தாழ்ந்த நிலையில் மேட்டில் முந்துதல் ஏன் ஆபத்தானது? கணக்குடன் எழுதுக.

5. பிரித்து எழுதுக: மலையேறும், துணையின்றி, அவ்வாற்றல், மின்னோடி.

6. சொந்தத் தொடரில் அமைக்க: மூச்சு வாங்குதல், கைமாற்று, பழுக்கக் காய்தல்.

7. "அதைத்தான் நானும் காலையிலிருந்து சொல்கிறேன், கணக்குப் போடாமலே" என்ற அம்மாவின் கூற்றில் நகைச்சுவை மட்டும்தான் உள்ளதா? உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

8. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதன்முதலில் ஏறிய மலை எது, எந்த ஊர்தியில் ஏறினர் என்பதைக் கேட்டறிந்து, அப்பயணத்தை உரையாடலாக எழுதுக.